பிளேன் பாதிவழியில் திரும்பினால்: அறிகுறி பார்த்து விளங்கிக்கொள்ள ஒரு வழிமுறை

பெரியம்மா மகளின் பிள்ளைப்பேற்றுக்காகப் புதுக்குடியிருப்பில் இருந்து டொரன்ரோவுக்குப் புறப்பட்டா. கட்டுநாயக்கவில் ஏறிய பிளேனில் ஒரு குறையும் இல்லை. வளைகுடாவில் மாறி ஏறிய இரண்டாவது பிளேன்தான் கிளம்பி இருபது நிமிடத்தில் ஒரு வெடிச்சத்தம் போட்டு, ஒரு மணித்தியாலம் வானத்தில் சுற்றி, ஏறின இடத்திலேயே வந்து இறங்கியது. விடுதியில் இருந்து எனக்கு அழைத்தா.

“தம்பி, இடப்பக்கம் டும் எண்டு ஒரு சத்தம். பிறகு பிளேன் நல்லாத்தான் பறந்தது. அப்ப ஏன் திருப்பினவை? திருப்பினவை உடனை இறக்கவும் இல்லையே. செட்டையிலை இருந்து வெள்ளையாப் புகை மாதிரி என்னவோ போனது. எங்களுக்கு என்னத்தையோ மறைச்சுப்போட்டினம்.”

பெரியம்மாவுக்கு வயது அறுபத்தெட்டு. விமான இரைச்சல் கேட்டதும் அடுப்பில் இருந்த பானையை அப்படியே விட்டுவிட்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள் இறங்கின தலைமுறை. அந்தக் காதுக்கு வானத்தில் கேட்கும் எந்தச் சத்தமும் லேசான சத்தம் அல்ல. “பயப்படாதேங்கோ” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று அவவுக்குச் சொன்னதை, விட்டுப்போனவற்றையும் சேர்த்து, இங்கே எழுதுகிறேன். வன்னியில் இன்று வெளிநாட்டில் பிள்ளை இல்லாத வீடு குறைவு. முதல் தடவை பிளேன் ஏறும் அம்மாமாரும் ஐயாமாரும் நிறைய.

நான் விமானி இல்லை. வளைகுடாவில் பத்தொன்பது வருடம் விமானப் பராமரிப்பில் வேலை செய்துவிட்டுக் கிளிநொச்சிக்குத் திரும்பினவன். பிழையோடு இறங்கிய விமானத்தின் குறிப்புப் புத்தகத்தில் விமானி எழுதியிருப்பதை வாசித்து, அந்தப் பிழையைத் தேடித் திருத்துவது எங்கள் வேலை. விமானிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பதை அந்தப் பக்கங்களில்தான் படித்தேன்.

எந்த அறிகுறிக்கும் முதலில் இது

விமானியின் மனதில் முதலில் வருவது “என்ன பழுது?” என்ற கேள்வி என்றுதான் நாங்கள் நினைப்போம். அதுவும் வரும். ஆனால் முடிவைத் தீர்மானிக்கிற கேள்விகள் வேறு இரண்டு. எவ்வளவு நேரம் இருக்கிறது? எந்த இடம் எங்களைத் தாங்கும்? பழுது என்ன என்று பார்ப்பதே முதல் கேள்விக்கு விடை காணத்தான்.

ஏ-9 வீதியில் இரவு பஸ் ஓட்டுகிற சாரதியை நினைத்துப் பாருங்கள். வவுனியா தாண்டி ஓமந்தையும் கழிந்தபிறகு சூட்டு முள் ஏறத் தொடங்குகிறது. உடனே காட்டுக்கரையில் நிறுத்தலாம்; ஆனால் அங்கே வெளிச்சமும் இல்லை, தண்ணீரும் இல்லை. புளியங்குளம் கிட்ட இருக்கிறது. மாங்குளம் சந்தியில் மெக்கானிக்கும் சாப்பாட்டுக் கடையும் வைத்தியசாலையும் உண்டு. முறிகண்டிவரை இழுத்தால் பிள்ளையாரும் கச்சான் கடைகளும் இருக்கும், ஆனால் இஞ்சின் இருக்காது. அனுபவம் உள்ள சாரதி முள் ஏறுகிற வேகத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவார். முள் மெல்ல ஏறினால் மாங்குளம். போனெற்றில் புகை வந்தால் காடு என்றாலும் அந்த இடத்திலேயே நிறுத்திச் சனத்தை இறக்கிவிடுவார்.

விமானியும் இதைத்தான் செய்கிறார். அவருக்கு வீதியோரம் இல்லை என்பதுதான் வித்தியாசம். அதனால் ஒரு ஒழுங்கு வைத்திருக்கிறார்கள்: முதலில் விமானத்தைப் பற, பிறகு வழியைப் பார், அதன் பிறகு கதை. ஒருவர் கட்டுப்பாட்டைப் பிடிக்க, மற்றவர் அந்தப் பழுதுக்குரிய செக்லிஸ்டை, அதாவது செய்யவேண்டியவற்றின் பட்டியலை, வரி வரியாக வாசிப்பார். பிரச்சினை வந்தவுடன் பயணிகளுக்கு அறிவித்தல் வராததற்குக் காரணம் இதுதான். கதைப்பது மூன்றாவது வேலை, அதிலும் முதலில் கட்டுப்பாட்டுக் கோபுரம், பிறகு விமானப் பணியாளர்கள், கடைசியில்தான் நாங்கள்.

அறிகுறி: பெரிய சத்தம், நடுக்கம், ஒரு பக்கம் இழுப்பு

இஞ்சின். பெரியம்மாவுக்கு நடந்தது.

இரண்டு இஞ்சின் விமானம் ஒன்றோடு பறக்கும், ஏறும், இறங்கும். அப்படிப் பறக்கும் என்று சோதித்துக் காட்டிய பிறகுதான் பயணிகளை ஏற்ற அனுமதியே கிடைக்கும். “நல்லாத்தான் பறந்தது” என்று பெரியம்மா சொன்னது முழு உண்மை. ஆனால் மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று என்றானபிறகு, இரண்டு இஞ்சின் விமானத்துக்கு விதி தெளிவாகச் சொல்கிறது: நேரக்கணக்கில் மிகக் கிட்ட உள்ள பொருத்தமான நிலையத்தில் இறங்கு. தூரக்கணக்கு அல்ல, நேரக்கணக்கு. காற்று பின்னால் இருந்து தள்ளினால் தூரத்து நிலையம் கிட்டவாகிவிடும்.

கடலுக்கு மேலே பறக்கும் விமானங்களுக்கு இதே கேள்வியைப் பயணம் தொடங்க முன்னரே கேட்டு வைத்திருக்கிறார்கள். 1953 இல் வந்த அமெரிக்க விதிப்படி, இரண்டு இஞ்சின் விமானம் எந்தக் கட்டத்திலும் ஒரு நிலையத்தில் இருந்து ஒரு இஞ்சினில் 60 நிமிடத்துக்கு மேல் விலகக் கூடாது. இஞ்சின்கள் நம்பகமாக வரவர 1985 இல் 120 நிமிடம், பிறகு 180 என்று நீண்டது. ஏயர்பஸ் ஏ350க்கு 2014 இல் 370 நிமிடம்வரை அனுமதி கிடைத்தது. மெல்பேர்னுக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள் கீழே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்று பதைக்கத் தேவையில்லை. அந்தத் தண்ணீரின் ஒவ்வொரு துண்டுக்கும் “இந்த இடத்தில் ஒன்று நின்றால் எங்கே?” என்ற விடை விமானியின் கையில் முன்கூட்டியே இருக்கும்.

நான்கு இஞ்சின் விமானத்துக்கு விதி சற்றுத் தளர்வு. 2005 பெப்ரவரியில் லொஸ் ஏஞ்சலிஸில் இருந்து லண்டனுக்குக் கிளம்பிய பிரிட்டிஷ் ஏயர்வேய்ஸ் 747 ஒன்றில் கிளம்பிய கையோடு ஓர் இஞ்சின் போனது. மூன்றோடு அமெரிக்காவையும் அத்திலாந்திக்கையும் கடந்தார்கள். ஆனால் விரும்பிய உயரம் கிடைக்காமல், எரிபொருள் கணக்கு இறுகி, கடைசியில் லண்டன் போகாமல் மன்செஸ்டரில் இறக்கினார்கள். எல்லோரும் சுகமாக இறங்கினார்கள். அந்த முடிவு சரியா என்று துறைக்குள் நீண்ட வாதம் நடந்தது. விதி இடம் கொடுத்தது என்பது உண்மைதான். இருந்தாலும் அந்த முள்ளோடு நான் முறிகண்டிவரை ஓடியிருக்க மாட்டேன்.

இணை அறிகுறி: திரும்பிவிட்டது, ஆனால் இறங்காமல் சுற்றுகிறது, செட்டையில் வெள்ளைப் புகை

அது புகை அல்ல பெரியம்மா, எரிபொருள். நீண்ட பயணத்துக்கு நிரப்பிய விமானம் ஏறலாம், அதே எடையோடு இறங்கக்கூடாது. போயிங் 777-300ஈஆர் ஏறும்போது உச்ச எடை சுமார் 351 தொன். இறங்கும்போது 251 தொன். இடையில் நூறு தொன் இருக்கிறது. பெரிய விமானங்கள் செட்டையில் உள்ள குழாய்களால் எரிபொருளை வெளியே விட்டு எடையைக் குறைக்கும். உயரத்தில் விட்டால் நிலத்துக்கு வரமுன்னரே ஆவியாகிவிடும். 737, ஏ320 போன்றவற்றில் அந்தக் குழாய் இல்லை. அவை சுற்றி எரித்துத்தான் குறைக்க வேண்டும்.

ஆகவே சுற்றுகிறார்கள் என்றால் நேரம் இருக்கிறது என்று அர்த்தம். நேரம் இல்லாவிட்டால் எடையோடேயே இறக்குவார்கள். அதற்கும் அனுமதி உண்டு. அப்படி இறங்கிய விமானத்தின் சக்கரத் தொகுதியைப் பிறகு அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது எங்கள் தலையில் விழும். அந்த வேலையை நான் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

அறிகுறி: எரிகிற மணம், புகை

இங்கே கணக்கே மாறுகிறது. மற்றப் பெரும்பாலான பழுதுகளில் நேரம் நிமிடமாகவோ மணித்தியாலமாகவோ அளக்கப்படும். தீ பிடித்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று ஒருவராலும் சொல்ல முடியாது.

1998 செப்டெம்பர் 2, நியூயோர்க்கில் இருந்து ஜெனீவாவுக்குப் பறந்த சுவிஸ்ஏயர் 111. விமானிகளுக்கு முதலில் ஒரு மணம் வந்தது. குளிரூட்டியில் இருந்து வருகிறது என்று நினைத்தார்கள். சில நிமிடத்தில் புகை. கனடாவின் ஹலிஃபக்ஸை நோக்கித் திருப்பினார்கள், எரிபொருளைக் குறைக்கத் தொடங்கினார்கள். முதல் மணத்தில் இருந்து சுமார் 21 நிமிடத்தில் விமானம் கடலில் விழுந்தது. 229 பேர். உடனடியாக இறங்க முயன்றிருந்தாலும் நேரம் போதியிருக்காது என்றுதான் விசாரணை முடிவு சொன்னது. ஆகவே அந்த விமானிகளைக் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதன் பிறகு புகைக்கான செக்லிஸ்டுகள் மாற்றி எழுதப்பட்டன. முன்பு மூலத்தைத் தேடு, பிறகு முடிவெடு என்றிருந்த ஒழுங்கு தலைகீழானது: முதலில் நிலையத்தை நோக்கித் திரும்பு, தேடுவதைப் போகிற வழியில் தேடு. மணம் சாப்பாட்டுச் சூடாக்கியில் இருந்து வந்தது என்று தெரிந்தால் மறுபடி பழைய பாதைக்கு வரலாம். நட்டம் பத்து நிமிடம்.

பயணி செய்யக்கூடியது இங்கே ஒன்று உண்டு, அதுவும் பெரிய காரியம். உங்கள் கைத்தொலைபேசியோ பவர் பாங்கோ சூடாகி வீங்கினால், இருக்கைக்குள் விழுந்து நசிந்தால், வெட்கப்படாமல் உடனே பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள். மொழி தெரியாவிட்டால் கையில் காட்டினால் போதும். பவர் பாங்கைக் கீழே போகும் பொதிக்குள் ஒருநாளும் வைக்க வேண்டாம். மேலே எரிந்தால் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கிறது, கீழே இல்லை.

அறிகுறி: முகமூடி விழுகிறது, விமானம் வேகமாக இறங்குகிறது

காற்றழுத்தம் போயிருக்கிறது. 35,000 அடியில் மூச்சுக்காற்று இல்லாமல் தெளிவாக யோசிக்க முப்பது தொடங்கி அறுபது வினாடிதான் கிடைக்கும். அதனால்தான் பிள்ளைக்கு முன் உங்களுக்கு மாட்டச் சொல்கிறார்கள். தாய்மாருக்கு இது மனதுக்கு ஒவ்வாத விதி என்று தெரியும், ஆனாலும் அப்படியே செய்யுங்கள். அந்த முகமூடியில் சுமார் 12 நிமிடத்துக்குக் காற்று உண்டு. அதற்குள் விமானி 10,000 அடிக்கு இறக்கிவிடுவார். அங்கே சாதாரணமாக மூச்சு விடலாம். விழுகிறோம் என்று தோன்றும். இல்லை, வேண்டுமென்றே இறக்குகிறார்.

அந்தத் தாழ்ந்த உயரத்தில் எரிபொருள் அதிகம் எரியும். டொரன்ரோவரை போகக் காணாது. ஆகவே வேறிடத்தில் இறங்குவது ஏறக்குறைய நிச்சயம்.

அறிகுறி: கிளம்பிய பிறகும் அடியில் இரைச்சல் நிற்கவில்லை, நடுக்கம் குறையவில்லை

சக்கரம் உள்ளே போகவில்லை. பார்வைக்கு மிகச் சிறிய பழுது. சக்கரம் வெளியில் இருந்தால் இறங்குவதற்கு நல்லதுதானே என்று தோன்றும். இந்த எண்ணத்தில்தான் அபாயம் ஒளிந்திருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

2000 ஜூலை 12, கிரேக்கத்தின் கிறீற் தீவில் இருந்து ஜேர்மனியின் ஹனோவருக்குக் கிளம்பிய ஹபாக்-லொயிட் ஏ310. சக்கரம் முழுதாக உள்ளே போகவில்லை. ஹனோவர் முடியாது, மியூனிக் போகலாம் என்று முடிவெடுத்தார்கள். விமானக் கணினி காட்டிய எரிபொருள் கணக்கை நம்பினார்கள். ஆனால் சக்கரம் வெளியில் தொங்குவதால் வரும் காற்றுத் தடையை அந்தக் கணினி கணக்கில் எடுப்பதில்லை. வழியில் வேறு நிலையங்கள் இருந்தும் கடந்துபோய், கடைசியில் வியன்னாவுக்குத் திருப்பியபோது எரிபொருள் தீர்ந்தது. ஓடுபாதைக்கு முன்னால் இருந்த புல்தரையில் விழுந்து சறுக்கி நின்றது. தெய்வாதீனமாக ஒருவரும் சாகவில்லை.

1978 டிசம்பர் 28, அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைற்றட் 173. இறங்கும் நேரத்தில் சக்கரம் சரியாகப் பூட்டியதா என்ற சந்தேகம். அதைப் பார்க்கவும் பயணிகளை ஆயத்தப்படுத்தவும் ஒரு மணித்தியாலம் அளவில் சுற்றினார்கள். விமானி அறையில் இருந்த மற்றவர்கள் எரிபொருள் குறைவதைச் சொன்னார்கள். தலைமை விமானியின் காதில் அது உறைக்கவில்லை. இஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள். விமானி அறைக்குள் சின்னவர் பெரியவருக்குத் துணிந்து சொல்லவும், பெரியவர் கேட்கவும் தனிப் பயிற்சி வந்தது இந்த விபத்துக்குப் பிறகுதான்.

இரண்டிலும் பழுது சக்கரத்தில், அபாயம் வந்தது எரிபொருளில். பழுதையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரத்தைப் பார்க்க மறந்தார்கள்.

அறிகுறி: ஒன்றுமே தெரியவில்லை, ஆனால் திரும்புகிறது

திரையில் உள்ள வரைபடத்தில் குட்டி விமானம் வளைகிறது. சத்தம் இல்லை, மணம் இல்லை. “தொழில்நுட்பக் காரணம்” என்று ஓர் அறிவித்தல் மட்டும். சனம் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். எனக்கு அதிகம் மதிப்பு வருவதும் இதில்தான், ஏனென்றால் ஒன்றும் கெடமுன் எடுத்த முடிவு இது.

விமானத்தில் முக்கியமான எல்லாம் இரண்டு, மூன்றாக இருக்கும். எண்ணெய் அழுத்தத்தால் பிரேக் போன்றவற்றை இயக்கும் மூன்று ஹைட்ரோலிக் தொகுதியில் ஒன்று போனால் பறப்பில் ஒரு மாற்றமும் தெரியாது. ஆனால் இறங்கும்போது பிரேக்கில் குறை வரலாம், நீளமான ஓடுபாதை தேவைப்படலாம். போகிற இடத்தில் மழையும் குறுகிய ஓடுபாதையும் என்றால், நேற்றுவரை பொருத்தமாக இருந்த நிலையம் இன்று பொருத்தம் இல்லை. ஏயர்பஸ் திரையில் சில பழுதுகளுக்கு “இயன்றளவு விரைவில் இறங்கு” என்ற வரி தானாக வரும். சிவப்பில் வந்தால் பேச்சில்லை. மஞ்சளில் வந்தால் யோசித்து முடிவெடுக்கலாம். கொம்பனியின் பொறியியலாளரோடு கதைக்கவும் வழி உண்டு. நாங்களும் கீழே இருந்து அப்படிப் பதில் சொல்லியிருக்கிறோம். ஆனால் கடைசிச் சொல் தலைமை விமானியுடையது.

2001 ஆகஸ்ட் 24, டொரன்ரோவில் இருந்து லிஸ்பனுக்கு 306 பேரோடு பறந்த ஏயர் ட்ரான்சாற் 236. பராமரிப்பின்போது ஒன்றுக்கொன்று பொருந்தாத பாகங்களைப் பூட்டியதால் வலது இஞ்சினில் ஒரு குழாய் மற்றொன்றில் உரசி, எரிபொருள் குழாய் விரிசல் விட்டது. எரிபொருள் கசிந்தது. எரிபொருள் பற்றித் திரை காட்டியது இரு பக்கத் தாங்கிகளும் சமமில்லை என்று மட்டும். விமானிகள் சமப்படுத்த இணைப்பைத் திறந்தார்கள். நல்ல பக்கத்து எரிபொருளும் அந்த ஓட்டையால் போனது. எங்கள் தொழிற்சாலையில் இந்த விபத்தைப் பாடமாக நடத்தும்போது ஒருவரும் இருமக்கூட மாட்டோம். பிழை ஒரு பராமரிப்பாளனின் கையில் தொடங்கியது.

ஆனால் அந்த 306 பேரையும் காப்பாற்றியது ஒரு முடிவு. கணக்கு ஒத்துவரவில்லை என்று கண்டதும், காரணம் விளங்காமலே, அத்திலாந்திக்கில் உள்ள அசோரஸ் தீவுகளின் லாஜஸ் நிலையத்துக்குத் திருப்பினார்கள். அதற்கு 28 நிமிடம் கழித்துத்தான் முதல் இஞ்சின் நின்றது. பிறகு இரண்டாவதும் நின்றது. இஞ்சின் இல்லாமல் 19 நிமிடம் சறுக்கிவந்து ஓடுபாதையில் இறங்கினார்கள். காரணம் தெரியட்டும் என்று காத்திருந்தால் தீவு எட்டாது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. 2010 நவம்பர் 4, சிங்கப்பூரில் இருந்து கிளம்பிய குவான்டாஸ் ஏ380இல் ஓர் இஞ்சின் வெடித்துச் செட்டையைக் கிழித்தது. 469 பேர். நிலையம் பக்கத்திலேயே இருந்தும் அவர்கள் ஓடிவந்து இறங்கவில்லை. சுமார் 50 நிமிடம் செக்லிஸ்டுகளை வாசித்து, எது வேலை செய்கிறது எது இல்லை என்று கண்டு, இறங்கும் வேகத்தைக் கணித்த பிறகே வந்தார்கள். தீ பரவவில்லை, விமானம் கையில் நின்றது, நேரம் இருந்தது. அந்த நேரத்தை முழுதாகச் செலவழித்தார்கள்.

சென்னை–பலாலி ஏடிஆரில் இருக்கிறீர்கள் என்றால்

சின்ன விமானம், குறுகிய பயணம், நேர்க்கோட்டில் 350 கிலோமீற்றர் சொச்சம். ஓர் இஞ்சின் நின்றால் சென்னைக்குத் திரும்பலாம், அல்லது திருச்சி. பலாலியை நெருங்கிவிட்டால் கொழும்புதான் அடுத்தது என்று எங்கள் ஆட்கள் நினைப்பார்கள். வரைபடத்தில் அளந்து பாருங்கள்: பலாலியில் இருந்து கட்டுநாயக்க சுமார் 290 கிலோமீற்றர், திருச்சி சுமார் 180. கிட்டத்து இரணைமடுவில் ஓடுபாதை இருக்கிறதே என்று கேட்பவர்களும் உண்டு. அது விமானப்படையுடையது, பயணிகள் விமானம் தன் மாற்று நிலையமாகக் கணக்குப் போடும் இடம் அல்ல.

அறிகுறி: பழுது இல்லை, ஒரு பயணிக்குச் சுகமில்லை

முல்லைத்தீவில் அம்புலன்ஸ் எடுக்கும் முடிவுதான். மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் பார்க்கக்கூடியதா, யாழ்ப்பாணம் போகவேண்டியதா? விமானி தரையில் உள்ள வைத்தியரோடு கதைத்து, ஓடுபாதையோடு ஆஸ்பத்திரியையும் பார்த்து இறக்குவார்.

காலநிலை மோசமாகி இறங்குமிடத்தின் மேல் சுற்றுவதும் பழுது அல்ல. மாற்று நிலையம்வரை போகவும் அதன் மேல் இன்னும் 30 நிமிடம் பறக்கவும் எரிபொருள் தனியாக இருக்கும். கட்டுநாயக்கவில் இறங்க முடியாவிட்டால் மத்தளையோ திருவனந்தபுரமோ என்று அது முதலே எழுதப்பட்டிருக்கும்.

இறங்கிய பிறகு

வேறிடத்தில் இறங்கினால் கீழ்ப்பொதி பெரும்பாலும் உங்கள் கைக்கு வராது. பெரியம்மாவின் பிரஷர் குளிசை முழுக்கப் பெரிய சூட்கேசுக்குள், ஒடியல் மாவுக்கும் மிளகாய்த் தூளுக்கும் நடுவில் இருந்தது. விடுதியில் ஒரு இரவு குளிசை இல்லாமல் இருந்தா. பக்கத்து அறையில் தங்கியிருந்த மட்டக்களப்புப் பிள்ளை ஒருத்திதான் மறுநாள் காலை கூட்டிக்கொண்டுபோய் மருந்து வாங்கிக் கொடுத்தது. மூன்று நாள் மருந்து, மருந்துச் சிட்டை, பிள்ளையின் தொலைபேசி இலக்கம் எழுதிய ஒரு துண்டு, ஒரு மாற்று உடுப்பு. இவை கைப்பைக்குள்.